அடையாளமும் இருப்பிடமும்: இணைய முகவரிப் பிரிப்பு

அடையாள–இருப்பிடப் பிரிப்பு என்பது, ஒரு கருவி எது என்பதை ஒரு குறியாலும், அது வலையமைப்பில் எங்கே இணைந்திருக்கிறது என்பதை வேறொரு குறியாலும் சுட்டும் முகவரி முறை. இன்றைய இணையத்தில் ஐ.பி. முகவரி ஒன்றே இவ்விரு வேலைகளையும் செய்கிறது. தொலைபேசித் துறை இவற்றைப் பெருமளவு பிரித்துவிட்டது. அதன் பயனைக் காரைக்கால் பகுதியில் தெளிவாகக் காணலாம்.

எண்ணுக்குள் இடம்

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் நான்கு பகுதிகளுக்கும் அரசு ஒன்று, எஸ்.டி.டி. குறியீடுகள் வேறு. புதுச்சேரிக்கு 0413, காரைக்காலுக்கு 04368, மாஹேவுக்கு 0490, ஏனாமுக்கு 0884. காரைக்கால் நகருக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள மீனவக் கிராமமான கோட்டுச்சேரிமேட்டின் தரைவழித் தொலைபேசிக்கும் 04368தான். பக்கத்து மயிலாடுதுறைக்கு 04364, நாகப்பட்டினத்துக்கு 04365, திருவாரூருக்கு 04366. எல்லாம் தமிழ்நாட்டு ஊர்கள். ஆயினும் முதல் நான்கு இலக்கங்கள் ஒன்றே. எண்ணைத் தீர்மானிப்பது ஆட்சி எல்லை அன்று, இணைப்பு செல்லும் வழி. தொலைவிலுள்ள தொலைபேசி நிலையம் முதல் சில இலக்கங்களைப் பார்த்தே அழைப்பை டெல்டாப் பக்கம் திருப்பிவிடலாம். ஒவ்வொரு வீட்டு எண்ணையும் அறிந்திருக்கத் தேவையில்லை. இந்தச் சிக்கனத்துக்கு விலை உண்டு: சந்தாதாரர் ஊர் மாறினால் எண்ணும் மாறும்.

ஐ.பி. முகவரியும் இப்படியே இயங்குகிறது. அதன் முற்பகுதி இணைய நிறுவனத்தின் வலையமைப்பைக் குறிக்கும். ரவுட்டர்கள் அதைக் கொண்டே வழி தேடுகின்றன. வீட்டு வைஃபையிலிருந்து கைபேசி மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது முகவரியும் மாறுகிறது. டி.சி.பி. நெறிமுறை ஓர் இணைப்பை இரு முனைகளின் முகவரிகளையும் போர்ட் எண்களையும் கொண்டே அறிவதால், கருவி அதுவேயானாலும் பழைய இணைப்பு அறுந்துவிடும்.

தொலைபேசி கண்ட வழி

கைபேசி வலையமைப்பில் சிம் அட்டைக்கெனத் தனி அடையாள எண் உண்டு. சந்தாதாரர் இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறார் என்பதை நிறுவனத்தின் பதிவேடு குறித்து வைக்கிறது. அழைப்பு வந்ததும் அதைப் பார்த்து வழி அமைகிறது.

எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20இல் நாடெங்கும் வந்தது. ஆனால் அது தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மட்டுமே செல்லுபடியானது. காரைக்கால் தமிழ்நாடு வட்டத்திலும், மாஹே கேரள வட்டத்திலும், ஏனாம் ஆந்திர வட்டத்திலும் இருப்பதால், ஒரே யூனியன் பிரதேசத்துக்குள் குடிபெயர்ந்தவர்கூட அந்த ஊர் வட்டத்துக்கு எண்ணை மாற்றிக்கொள்ள முடியவில்லை. 2015 ஜூலை 3 முதல் அந்தத் தடை நீங்கியது. அதன்பின் எண் ஆளைக் குறிக்கிறது. அழைப்பை எங்கே அனுப்புவது என்பதைத் தரவுத்தளம் தரும் வழிக்குறி எண் சொல்கிறது.

இணையத்தில் முன்வைக்கப்பட்டவை

பெயர், முகவரி, வழி ஆகிய மூன்றும் வெவ்வேறு என்று ஜான் ஷோக் 1978இலேயே வகுத்துக் காட்டினார். ஜெரோம் சால்ட்சர் 1982இல் அதை விரிவாக்கினார். 1996இல் வெளியான மொபைல் ஐ.பி. தரம், கருவிக்கு நிலையான ‘வீட்டு முகவரி’ ஒன்றை வழங்கி, வந்த தரவுப் பொதிகளைப் புது இடத்துக்குத் திருப்பி அனுப்பியது.

2006 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் இணையக் கட்டமைப்பு வாரியம் நடத்திய பயிலரங்கு, ரவுட்டர் அட்டவணைகளின் பெருக்கத்துக்கும் ஐ.பி. முகவரியின் இரட்டைப் பணிக்கும் உள்ள தொடர்பை முன்னிறுத்தியது. 2013இல் சோதனைநிலை ஆவணமாக வெளிவந்த ‘லிஸ்ப்’ முறையில், வலையமைப்பின் எல்லையிலுள்ள ரவுட்டர் பெறுநரின் அடையாளத்துக்கு உரிய இருப்பிடத்தைப் பொது அட்டவணையில் கேட்டறிந்து, பொதியை மற்றொரு உறைக்குள் இட்டு அனுப்புகிறது. ராபர்ட் மாஸ்கோவிட்ஸ் முன்மொழிந்த ‘ஹிப்’ நெறிமுறை, கருவியின் மறைகுறியீட்டுப் பொதுச் சாவியையே அடையாளமாக்குகிறது. அதனால் பிறர் அதே பெயரில் நுழைய முடியாது. 2012இல் விவரிக்கப்பட்ட ‘ஐ.எல்.என்.பி.’, ஐ.பி.வி.6இன் 128 பிட் முகவரியைப் பாதியாக்கி, முதல் 64 பிட்டை இருப்பிடத்துக்கும் மற்றதை அடையாளத்துக்கும் ஒதுக்குகிறது.

தடைகளும் இன்றைய நிலையும்

பிரித்த இரண்டையும் மறுபடி இணைக்க ஓர் அட்டவணை தேவை. தொலைபேசியில் அதை உரிமம் பெற்ற நிறுவனங்கள் பேணுகின்றன. இணையத்துக்கு அப்படி ஒரு பொறுப்பாளர் இல்லை. தேடலால் தாமதம் கூடும். பொய்ப் பதிவு நுழைந்தால் பொதிகள் வேறிடம் போகும். மாறாத அடையாளம் ஆளின் நடமாட்டத்தையும் காட்டிக்கொடுக்கும். இந்தக் கடைசி ஆபத்தே மிகக் கவனமாக எதிர்கொள்ள வேண்டியது.

2021இல் தரமான ‘குவிக்’ நெறிமுறை இடமாற்றச் சிக்கலை மேலடுக்கில் கையாள்கிறது. இணைப்புக்கெனத் தனி அடையாள எண் இருப்பதால், வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் உரையாடல் தொடரலாம். முன்கூட்டியே மறைகுறியாக்கி அனுப்பிய வேறு எண்ணுக்கு மாறிக்கொள்வதால் இடையில் கவனிப்பவர் இரு பாதைகளையும் எளிதில் தொடர்புபடுத்த முடியாது. பொது அட்டவணையும் தேவையில்லை. ஆனால் இது தொடங்கிவிட்ட இணைப்புக்கே உதவும். இடம் மாறிய கருவியைப் புதிதாகத் தேடி அழைக்க, நம்பத்தக்க பதிவேடு இன்னும் வேண்டியிருக்கிறது.