குரிடிபா பேருந்துத் திட்டம்

பிரேசிலின் பரானா மாநிலத் தலைநகரான குரிடிபா, சுரங்க ரயிலுக்குப் பணமில்லாத நிலையில் பேருந்தையே நம்பி வளர்ந்த நகரம். 1965இல் அமைந்த நகரத் திட்டமிடல் நிறுவனம் பெருஞ்சாலைகளின் நடுவே பேருந்துக்கெனத் தனித்தடம் ஒதுக்கியது. 1974இல் சேவை தொடங்கியது. உயரமான அடுக்குமாடிகள் பெரும்பாலும் இத்தடங்களை ஒட்டியே அனுமதிக்கப்பட்டன. போக்குவரத்தையும் நிலப் பயன்பாட்டையும் ஒருசேரத் தீர்மானித்த இந்த முடிவே திட்டத்தின் உயிர்நாடி.

1991இல் குழாய் வடிவக் கண்ணாடி நிறுத்தங்கள் வந்தன. பயணி உள்ளே நுழையும்போதே கட்டணம் கட்டிவிடுவார். நிறுத்தத்தின் தளமும் பேருந்தின் தளமும் ஒரே உயரம்; முதியவரும் சிரமமின்றி ஏறலாம். அடுத்த ஆண்டு ஓடத் தொடங்கிய மூன்று பெட்டிப் பேருந்து சுமார் 270 பேரை ஏற்றியது.

மூன்று முறை மேயராக இருந்த ஜைமி லெர்னர், குப்பை வண்டி நுழைய முடியாத குடிசைப் பகுதிகளையும் மறக்கவில்லை. அங்கு குப்பையைச் சேர்த்துக் கொடுத்தவர்களுக்குப் பேருந்துச் சீட்டு கிடைத்தது. 1991இல் வந்த ‘பசுமை மாற்று’ திட்டத்தில் நான்கு கிலோ மறுசுழற்சிப் பொருளுக்கு ஒரு கிலோ காய்கறி, பழம் தரப்படுகிறது.

கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 2000இல் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ, குரிடிபாவை முன்மாதிரியாகக் கொண்டதே.