உடல் கடிகாரத்தைக் கணக்கிடும் முறைகள்

உடல் வெப்பம், உறக்கம், இயக்குநீர்ச் சுரப்பு ஆகியவை ஏறத்தாழ 24 மணி நேரத்திற்கு ஒருமுறை ஏறி இறங்குவது சர்க்காடியன் சுழற்சி எனப்படும். 'ஏறத்தாழ ஒரு நாள்' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களைக் கொண்டு 1959இல் இப்பெயரை அமைத்தவர் பிரான்ஸ் ஹால்பெர்க். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவரும் இவர் குழுவினரும் 1960களில் 'கோசினார்' முறையை வளர்த்தெடுத்தனர். அளவீடுகளுக்குக் கோசைன் வளைவு ஒன்றைப் பொருத்தி, சராசரி, ஏற்ற இறக்கத்தின் வீச்சு, உச்சம் தொடும் நேரம் ஆகியவற்றை இம்முறை தருகிறது.

பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒருங்கே அளக்க முடிந்ததால் விரைவான கருவிகள் தேவைப்பட்டன. அவற்றுள் ஒன்று 2010இல் வெளியான 'ஜேடிகே சைக்கிள்'. 2014இல் சுண்டெலியின் 12 உறுப்புகளை ஆராய்ந்தபோது, புரதம் உருவாக்கும் மரபணுக்களில் 43 விழுக்காடு ஏதேனும் ஓர் உறுப்பிலாவது நாள்தோறும் ஏறி இறங்குவது தெரியவந்தது.

மனிதரிடம் இவ்வாறு ஆராய்வது கடினம். நோயாளியின் கல்லீரலிலிருந்து சில மணிக்கொருமுறை திசு எடுக்க இயலாது. எடுத்த நேரமும் பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. 2017இல் வெளியான 'சைக்லாப்ஸ்' இத்தடைக்கு வழி கண்டது. பலரின் திசு மாதிரிகளை, மரபணுச் செயற்பாட்டை மட்டும் கொண்டு, நாளின் வட்டத்தில் அது வரிசைப்படுத்தியது. கல்லீரல் புற்றுத் திசுவில் இச்சுழற்சி குலைந்திருப்பது இதனால் புலப்பட்டது. மருந்தை எவ்வேளையில் தருவது நல்லது என்னும் ஆய்வுக்கும் இக்கருவிகள் துணைபுரிகின்றன.