தாய்ப்பால் மட்டும், 6 மாதம்: சொல்வது எளிது, தடுப்பது எது?

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரையோ, அதற்கு மேலுமோ. உலக சுகாதார நிறுவனம் சொல்வது இவ்வளவுதான். 'மட்டும்' என்றால் தண்ணீர்கூடக் கிடையாது. டாக்டர் எழுதித் தரும் மருந்து, சொட்டு மருந்து, ஓஆர்எஸ் கொடுக்கலாம்.

இந்தியாவில் நிலைமை என்ன?

தேசிய குடும்ப நல ஆய்வு-5 (2019-21) படி, 88.6% பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 41.8% பேர்தான். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 63.7% பேர் தாய்ப்பால் மட்டும் குடிக்கிறார்கள். முந்தைய ஆய்வில் இது 54.9%. ஆக, முன்னேற்றம் இருக்கு. முதல் மணி நேரத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

முதல் மணி நேரம் ஏன் நழுவுது?

ஒரு காரணம், சிசேரியன். தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 47.4% சிசேரியன்தான். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்திருப்பார். இருவரும் நலமாக இருந்தால் குழந்தையை உடனே மார்பில் போடலாம். ஆனாலும் பல இடங்களில் குழந்தை தனி அறைக்குப் போய்விடுகிறது.

இன்னொரு காரணம், வீட்டுப் பழக்கம். நம்ம ஊரில் சேனை, வடக்கே 'குட்டி'. சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைப்பார்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்து. அதிலிருந்து பொட்டுலிசம் என்ற கடுமையான நோய் வரலாம். கெட்டியாக, மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் தவறு. நோய் எதிர்ப்புப் பொருட்கள் நிறைந்த பால் அது.

"பால் பத்தலை" என்று எப்போது கவலைப்படணும்?

குழந்தை அழுவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீங்க. முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளில் 6 முறையாவது சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுமானதாக இருக்கிறது என்று அர்த்தம். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். இடையில் புட்டிப்பால் கொடுத்தால் சப்புவது குறையும், சுரப்பும் குறையும். அப்புறம் நிஜமாகவே பால் பத்தாது. எடை ஏறவில்லை, குழந்தை சோர்ந்து கிடக்கிறது என்றால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்க. மருத்துவக் காரணத்துக்காக ஃபார்முலா தேவைப்பட்டால், அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை.

ஃபார்முலா விளம்பரம் பண்ணலாமா?

கூடாது. 1992-ம் ஆண்டின் சட்டமும் அதன் 2003 திருத்தமும் 2 வயது வரையிலான குழந்தை உணவுகளுக்கு விளம்பரம், இலவச மாதிரி இரண்டையும் தடை செய்கின்றன.

வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு?

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. இங்கே ஒரு கணக்கு இருக்கு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தால் மிஞ்சுவது 18 வாரம், அதாவது நான்கு மாதம் சொச்சம். 6 மாதத்துக்கு எட்டாது. உடல்நிலை அனுமதித்தால், விடுப்பைப் பிரசவத்துக்கு நெருக்கமாகத் தொடங்குவது பற்றி டாக்டரிடம் பேசுங்க.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். தினக்கூலி, வீட்டு வேலை செய்யும் பெரும்பாலான பெண்களுக்கு இந்த விடுப்பே எட்டாக்கனி.

பாலை எடுத்து வைக்கலாமா?

தாராளமாக. 25 டிகிரி வரையிலான அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜின் உட்பகுதியில் 4 நாள் வரை. நம்ம ஊர் வெயிலுக்கு ஃபிரிட்ஜ்தான் நல்லது. பாலைக் கொதிக்க வைக்காதீங்க, மைக்ரோவேவில் வைக்காதீங்க. வெந்நீரில் பாத்திரத்தை நிறுத்தி வைத்தால் போதும்.

அப்பாக்களுக்கு என்ன வேலை?

நிறைய இருக்கு. ராத்திரி டயபர் மாற்றுவது, ஏப்பம் விட வைப்பது, "ஒரு பாட்டில் கொடுத்துடுங்களேன்" என்பவர்களுக்குப் பதில் சொல்வது. முக்கியமாக, பிரசவத்துக்கு முன்பே மருத்துவமனையில் ஒன்றைக் கேட்டு வையுங்க: "சிசேரியன் ஆனாலும் முதல் மணி நேரத்தில் குழந்தையை அம்மாவிடம் கொடுப்பீங்களா?"