அசாகுசாவில் ஒரு கோப்பை ராமென்

ஆசிரியர் பயிற்சியொன்றுக்காக டோக்கியோ சென்றிருந்த நாட்களில் ராமென் கடைகளை வாசனை பிடித்தபடியே கடந்து போவேன். காலோ உள்ளே செல்லாது. பல கடைகளில் சாறு பன்றி எலும்பில் காய்ச்சப்படுவது. மேலே வைக்கும் இறைச்சித் துண்டும் அதுவே. கடைசியில் அசாகுசாப் பகுதியில், கோழிச் சாற்றில் ஹலாலாகச் செய்யும் சிறு கடையொன்றைத் தேடிப் பிடித்தேன்.

வாசலில் இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டெடுக்க வேண்டும். பக்கத்திலிருந்தவர் சத்தமாக உறிஞ்சிச் சாப்பிட்டார். சிறுவயதில் அப்படி உறிஞ்சியதற்கு உம்மாவிடம் குட்டு வாங்கியவன் நான். நூடில்ஸின் மஞ்சள் நிறத்தை முட்டையென்று நினைத்தேன். 'கான்சுயி' எனும் காரநீரே கோதுமை மாவுக்கு அந்த நிறத்தையும் இழுவையையும் தருகின்றதாம்.

இதே அசாகுசாவில்தான் 1910இல் ஒசாகி கான்இச்சி என்பவர் 'ராய்ராய்கென்' கடையைத் திறந்தார். சமைத்தவர்கள் யொகோஹாமாவிலிருந்து வந்த சீனர்கள். அன்று இவ்வுணவின் பெயர் 'ஷினா சோபா'. 'ஷினா' என்பது சீனரை இழிவுபடுத்தும் சொல்லாகக் கருதப்பட்டதால், போருக்குப் பின் 'சூக்கா சோபா' என்றனர். ஒருவருடைய உணவை ருசித்துக்கொண்டே அவரை இழிவாக அழைப்பது உலகில் புதிதல்ல.

ஆனால் ராமெனை நாடெங்கும் பரப்பியது ருசி மட்டுமல்ல, பசியுந்தான். 1945இல் ஜப்பான் தோற்றபோது அரிசி இல்லை. அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்து இறங்கியது. கள்ளச் சந்தை மாவில் தள்ளுவண்டிக்காரர்கள் நூடில்ஸ் விற்றனர். சீனாவிலிருந்து திரும்பிய ஜப்பானியர் பலரும் அத்தொழிலில் இறங்கினர். மிகுதித் தானியத்தைப் பிறநாடுகளுக்கு அனுப்ப 1954இல் அமெரிக்கா பி.எல். 480 சட்டத்தை இயற்றியது. தாய்வானில் பிறந்த மொமொஃபுகு அண்டோ, 1958இல் உடனடி ராமெனை விற்பனைக்கு விட்டார்.

பி.எல். 480 என்றதும் கோப்பையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அந்த மா எங்கள் நாட்டுக்கும் வந்ததல்லவா! நெல் விளையும் எங்கள் கிராமத்தில் காலைச் சாப்பாட்டைப் பாணாக மாற்றியது அதுதான். 1970களில் மா தட்டுப்பட்டபோது, விடியுமுன் பாண் வரிசையில் நின்ற கதையை வாப்பா இன்றும் சொல்வார். கோதுமை மாவுக்கு அவரிடம் வேறு பெயரே கிடையாது, 'அமெரிக்கன் மா'தான்.

அன்றிரவு தொலைபேசியில் அவரிடம் ராமென் சாப்பிட்டதைச் சொன்னேன். ஹலாலா என்றுதான் கேட்பார் என எதிர்பார்த்தேன்.

"அங்கயும் அமெரிக்கன் மாதானா மகன்?" என்றார்.