மதுவிலக்கு: சட்டமும் தனிமனித உரிமையும்

மதுவிலக்கு என்பது மது காய்ச்சுவதையும் விற்பதையும் குடிப்பதையும் அரசு சட்டம் போட்டுத் தடுப்பது. குடி குடியைக் கெடுக்கும் என்பதை இந்தியாவில் அதிகம் பேர் மறுத்ததில்லை. அதைத் தடுக்கும் வேலை அரசுடையதா என்பதில்தான் வழக்கு.

ஆங்கிலேயருக்கு இது கஜானா விவகாரம். சென்னை மாகாணத்தில் 1886ஆம் ஆண்டு ஆப்காரி எனப்படும் மதுவரிச் சட்டத்தின்கீழ் கள்ளு, சாராயக் கடைகள் நடந்தன. 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் முன்னின்ற பெரியார், தம் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். ராஜாஜி 1929இல் திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தினார். முதலமைச்சரானதும் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்துக்கு ஈடாக 1939இல் விற்பனை வரி வந்தது. குடிக்காதவரும் அதைக் கட்டினார்கள். போர்க்காலத்தில் தடை தளர்ந்தாலும், 1948இல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் பரவியது.

அதே ஆண்டு நவம்பரில் அரசியல் நிர்ணய சபை, இன்று 47ஆம் பிரிவாக உள்ள மதுவிலக்குக் கோட்பாட்டை விவாதித்தது. கோலாப்பூர் உறுப்பினர் கர்டேகர் தனிமனித சுதந்திரத்தைக் காட்டி எதிர்த்தார். ஆதிவாசித் தலைவர் ஜெய்பால் சிங்கின் வாதம் வயலிலிருந்து வந்தது: நாற்று நடும் காலத்தில் அரிசி பீர் இல்லாமல் தம் மக்களுக்கு வேலை ஓடாது, அது அவர்களுடைய வழிபாட்டிலும் சேர்ந்தது என்றார். இந்தக் கோட்பாடு மாநிலங்களைக் கட்டாயப்படுத்தாது என்று அம்பேத்கர் பதில் சொன்னார். சபையில் பேசியவர்களில் உரிமைப் பிரச்சினையின் ஆழத்தைத் தொட்டவர் ஜெய்பால் சிங்தான். ஊருக்கெல்லாம் ஒரே அறம் என்ற நினைப்பையே அவர் கேள்வி கேட்டார்.

1949ஆம் ஆண்டு பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்து பால்சாரா என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951இல் தீர்ப்பளித்தது. விஸ்கி, பிராந்தியோடு ஓடிகொலோனையும் வைத்துக்கொள்ளும் உரிமையை அவர் கேட்டிருந்தார். ஆல்கஹால் கலந்த மருந்துகளையும் வாசனைப் பொருள்களையும் தடுக்கும் பகுதிகளை நீதிமன்றம் நீக்கியது; மதுபானத் தடை நிலைத்தது. வாசனைத் தைலம் தப்பியது, பிராந்தி தப்பவில்லை.

தமிழ்நாட்டில் தடையும் தளர்வும் மாறி மாறி வந்தன. 1971இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. வேண்டாம் என்று முதுமையிலும் நேரில் போய்க் கேட்டுக்கொண்டார் ராஜாஜி, பலனில்லை. சில ஆண்டுகளில் தடை திரும்பியது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு மறுபடியும் கடைகளைத் திறந்தது. 1983இல் மதுவின் மொத்த விற்பனைக்காக அரசின் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அந்த விற்பனைக்கான விதிகளும் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்டவையே. குடிமகனின் உரிமையை மதித்து எந்த அரசும் கடை திறக்கவில்லை; வருமானமும் கள்ளச்சாராயமுமே காரணங்களாகச் சொல்லப்பட்டன.

2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தபின் வாதம் புது வடிவம் எடுத்தது. வீட்டுக்குள் தனியே குடிப்பவரை அரசு ஏன் தடுக்க வேண்டும் என்று, அதே பம்பாய்ச் சட்டத்தைச் சுவீகரித்த குஜராத்தில் மனுக்கள் தாக்கலாயின. பால்சாரா தீர்ப்பே போதும், மனுக்கள் விசாரணைக்கே உகந்தவை அல்ல என்று மாநில அரசு வாதாடியது. குஜராத் உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் அந்த வாதத்தை ஏற்காமல் மனுக்களை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.