பூர்ஜமும் பனையும்

சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் தமிழ்நாட்டுக் கடைசி நிலையம் ஆரம்பாக்கம். பெயர் என்னவோ ஆரம்பம். ஆனால் வடக்கே போகிறவர்களுக்குத் தமிழ் முடிகிற இடம் அதுதான். அடுத்த நிலையமான தடாவில் தெலுங்கு முதலிடம் பெற்றுவிடுகிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளைத் தாண்டி வந்த கண்ணுக்கு இங்கே மிஞ்சி நிற்கும் பனைகள் ஆறுதலாக இருக்கும். கிழக்கே பழவேற்காடு ஏரி. அதன் உப்புக் காற்றிலும், வெறும் மணலிலும், யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்த மரங்கள்.

இந்தப் பனங்காட்டு மண்ணில் நின்றுகொண்டு, கடல் மட்டத்துக்குப் பத்தாயிரம் அடி உயரத்தில் பனிக்கட்டி நடுவே வளரும் ஒரு மரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். பொருத்தமில்லாத பேச்சு என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் இந்த இரண்டு மரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பேசியவர்களில் நான் முதல்வன் அல்லன். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அல்பிரூனி பேசிவிட்டார்.

கஜினி மாமூதின் காலத்தில் இந்தியாவுக்கு வந்து, சமஸ்கிருதம் கற்று, சுமார் 1030-இல் நம் தேசத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதியவர் அல்பிரூனி. மாமூது கொண்டுபோனவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அல்பிரூனி கொண்டுபோனதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இந்துக்கள் எதில் எழுதுகிறார்கள் என்று அவர் சொல்லும் இடம் சுவையானது. தென்னாட்டில் தென்னை, ஈச்சை போல ஒரு மரம் உண்டு. அதன் பழத்தைத் தின்கிறார்கள். ஒரு கஜ நீளமும் மூன்று விரல் அகலமும் உள்ள அதன் ஓலையில் எழுதி, துளையிட்டுக் கயிறு கோக்கிறார்கள் என்கிறார். வடக்கிலும் மத்திய பாகத்திலும் பூர்ஜ மரத்தின் பட்டையை எடுத்து, எண்ணெய் தடவி, தேய்த்து மெருகேற்றி எழுதுகிறார்கள் என்கிறார். தெற்கே அவர் வந்ததில்லை, கேள்விப்பட்டு எழுதியதுதான். ஆயினும் தவறில்லாமல் எழுதியிருக்கிறார். அவர் அதை எழுதிய நாளில் கங்கைகொண்ட சோழனுடைய திருமந்திர ஓலை நாயகங்கள் பனையோலையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

பூர்ஜம் என்பது வடமொழிப் பெயர். பழைய தமிழ்ப் புத்தகங்களில் பூர்ச்சம் என்றும் காணலாம். இந்தியில் போஜ்பத்ரா. ஆங்கிலேயர் பிர்ச் என்கிறார்கள், ஜெர்மானியர் பிர்க்கே, ருஷ்யர் பெரியோஸா. இவை தனித்தனிச் சொற்கள் அல்ல. ஒரே சொல்லின் பேரப் பிள்ளைகள். சமஸ்கிருதமும் ஐரோப்பிய மொழிகளும் ஒரு குடும்பம் என்று காட்டும் மொழி நூலார்க்கு, மரப் பெயர்களில் இவ்வளவு பலமான சாட்சி வேறொன்று அநேகமாகக் கிடையாது. ஆலும் அரசும் பிரிந்துபோன உறவினர். பூர்ஜம் மட்டும் எங்கே போனாலும் குலப் பெயரை விடவில்லை.

இமயத்துப் பூர்ஜத்துக்கு 1825-இல் டேவிட் டான் என்ற தாவர நூலார் பெட்டுலா யூட்டிலிஸ் என்று பெயர் வைத்தார். யூட்டிலிஸ் என்றால் உபயோகமானது. மனிதர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்! 1849-இல் ஜோசப் ஹூக்கர் இதை இங்கிலாந்துக்கு அறிமுகப்படுத்தினார். மேற்கு இமயத்தில் வளரும் வெள்ளைப் பட்டை ஜாதி ஒன்றுக்குப் பிரெஞ்சுக்காரரான விக்டர் ஜாக்மோன் பெயர் வழங்குகிறது. காஷ்மீர் வரை அலைந்து செடி சேர்த்த அந்த இளைஞர் 1832-இல் பம்பாயில் காலமானார். இன்று இங்கிலாந்துத் தோட்டங்களில் குளிர்காலத்து மாலையில் வெள்ளை வெளேரென்று நிற்கும் மரம் பெரும்பாலும் அவர் பெயர் கொண்டதுதான்.

மரத்தை அடையாளம் காண்பது எப்படி? இமயத்தில் ஏறுகிறவன் முதலில் ஊசியிலைச் சோலைகளைக் கடக்கிறான். பைனும் தேவதாருவும் பின்தங்கிவிடும். மூச்சு வாங்கத் தொடங்கும் உயரத்தில், பெரிய மரங்கள் எல்லாம் கைவிட்டுவிட்ட இடத்தில், இலையுதிர்க்கும் ஒரு மரம் நிற்கும். அதற்கு மேலே புதரும் புல்லும் பனியும்தான். மரங்களின் ஆட்சிக்கு எல்லைக் கல் இந்தப் பூர்ஜம். பனியின் பாரம் அழுத்தி அழுத்தி, சரிவுகளில் அடிமரம் வளைந்து பிறகு நிமிரும். பட்டைதான் முக்கியமான சாட்சி. வெண்மையிலும் செம்பழுப்பிலும் மினுங்கும். மெல்லிய தாளாக ஏடு ஏடாக உரியும். குறுக்குவாட்டில் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். அந்தக் கோடுகள் மரம் மூச்சு விடும் துவாரங்கள். இலை முட்டை வடிவம், ஓரம் ரம்பப் பல். பூக்கள் தனித்தனியாகப் பூப்பதில்லை; பூனை வால் போன்ற சரமாகத் தொங்கும். தாழ்ந்த மலைகளில் வேறொரு பூர்ஜம் உண்டு. அதன் சரங்கள் நீளமானவை, கொத்தாகத் தொங்கும். பட்டையில் இவ்வளவு நேர்த்தியான ஏடு உரியாது. எழுத்தாளர் வேண்டியது மேலே இருப்பதே.

அந்தப் பட்டையில் பெட்டுலின் என்று ஒரு பொருள் இருக்கிறது. வெண்மை அதனால் வந்தது. பட்டை தண்ணீருக்கு இளகாமல், சீக்கிரம் மக்காமல் இருப்பதற்கும் அது பெரிய காரணம். மரம் தன்னைப் பனியிலிருந்து காத்துக்கொள்ளச் செய்துகொண்ட போர்வை. மனிதன் அதன் மேல் சாஸ்திரம் எழுதினான். காளிதாசனின் கவிதையில் வித்தியாதரப் பெண்கள் காதல் கடிதமும் எழுதுகிறார்கள். விக்கிரமோர்வசீயத்தில் ஊர்வசி எழுதிப் போட்ட பூர்ஜ பத்திரம் ராணியின் கையில் சிக்கிக்கொள்ள, அதனால் வருகிற சங்கடம் பெரிது.

இந்தியாவில் எழுதப்பட்ட சுவடிகளில் இன்று நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையவை பனையோலை அல்ல, பூர்ஜப் பட்டைதான். 1994-இல் லண்டனில் பிரிட்டிஷ் நூல்நிலையத்துக்கு வந்து சேர்ந்த காந்தாரத்துப் பௌத்தச் சுருள்கள் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மண் பானைகளில் வைத்திருந்தார்கள். 1881-இல் பெஷாவருக்கு அருகே பக்ஷாலி கிராமத்தில் ஒரு குடியானவன் மண்ணைத் தோண்டும்போது வெளிப்பட்ட கணிதச் சுவடியும் பூர்ஜம். அதில் பூஜ்யம் புள்ளியாக நிற்கிறது. 1931-இல் கில்கித்துக்கு அருகே அகப்பட்ட பௌத்த நூல்களும் பெரும்பாலும் பூர்ஜமே. நம் பக்கத்தில் ஓலை இருநூறு முந்நூறு வருஷம் தாங்கினாலே புண்ணியம். செல்லும் ஈரமும் விடுவதில்லை. தலைமுறைக்குத் தலைமுறை பெயர்த்து எழுதினால்தான் நூல் பிழைக்கும். பெயர்த்தெழுத ஆளில்லாத வீட்டில் பழைய ஏட்டை ஆடிப் பெருக்கில் ஆற்றோடு விட்டார்கள். வடமேற்கின் குளிரும் வறட்சியும் நமக்கு இருந்திருந்தால், சங்க நூல்களில் எதெது கிடைத்திருக்குமோ! பட்டையின் பெருமையில் பாதி அந்தச் சீதோஷ்ணத்துக்குச் சேர வேண்டியது.

எல்லாவற்றிலும் எனக்கு வியப்பூட்டுவது பவர் சுவடியின் கதை. 1888-இல் கரகோரம் கணவாய்ப் பாதையில் டால்கிலீஷ் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி கொலையுண்டார். கொலைகாரனைத் தேடிக்கொண்டு ஹாமில்டன் பவர் என்ற ராணுவ லெப்டினன்ட் மத்திய ஆசியாவுக்குப் போனார். 1890-இல் கூச்சா என்ற பாலைவனச் சோலை ஊரில், பழைய இடிபாடு ஒன்றைத் தோண்டி எடுத்ததாகச் சொல்லி ஒரு சுவடியை அவரிடம் விற்றார்கள். அது கல்கத்தாவுக்கு வந்தது. ஹெர்ன்லே என்ற பண்டிதர் படித்துப் பதிப்பித்தார். ஆயிரத்தைந்நூறு வருஷப் பழமையான வைத்திய நூல்! தொடக்கத்திலேயே வெள்ளைப்பூண்டின் மகிமை. சொக்கட்டான் காயை உருட்டிக் குறி சொல்லும் பகுதியும் உண்டு. துப்பறியப் போனவருக்குக் கிடைத்தது பூண்டு ரசாயனம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதன் உருவத்தைப் பற்றி. பூர்ஜப் பட்டை இயல்பாகச் சுருளும் பொருள். காந்தாரத்துப் பழைய நூல்களெல்லாம் அதனால்தான் பாய் மாதிரிச் சுருட்டப்பட்டவை. பவர் சுவடியோ நீளமாக, ஒடுக்கமாக, ஓலை நறுக்குப் போல வெட்டப்பட்டு, இடது பக்கம் நூல் கோக்கத் துளையும் இடப்பட்டது. பட்டைக்கு அந்த அளவு அவசியமே இல்லை. அகலமாக வெட்டலாம், துளையில்லாமலே அடுக்கலாம். ஓலைக்குத்தான் அது தலைவிதி. பனை ஒரு கன்று கூட முளைக்காத கூச்சாவில், புத்தகம் என்றால் பனையோலையின் வடிவத்தில்தான் இருக்கவேண்டும் என்று நினைத்து ஒருவன் பட்டையை வெட்டியிருக்கிறான். பிற்காலத்தில் காகிதத்திலே கூடத் திபெத்தியர் இன்று வரை நீள ஏடாகத்தானே அச்சிடுகிறார்கள்? ஆரம்பாக்கத்து வரப்பில் நிற்கும் மரத்தின் இனத்துக்கு இவ்வளவு தூரம் கை நீண்டது என்றால், கொஞ்சம் கர்வப்பட்டுக்கொள்ளலாம்.

எழுத்தின் உருவத்தையும் பொருள்தான் தீர்மானித்தது என்பார்கள். ஓலையில் இரும்பு எழுத்தாணியால் கீறவேண்டும். புள்ளி குத்தினால் ஓலை பொத்துப் போகும். ஆகவே நம் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டுக்கு அது ஒரு காரணம். பூர்ஜத்தில் கீறுவது கிடையாது. நாணல் பேனாவும் மையும். காஷ்மீரத்தில் பாதாம் பருப்பைக் கரியாக்கிக் கோமூத்திரத்தில் கொதிக்க வைத்து மை செய்தார்கள். தண்ணீர் பட்டாலும் அந்த மை அழியாது. தென்னாட்டு எழுத்து உருண்டதற்கும் வடமேற்குச் சாரதா எழுத்து கோணமாக நின்றதற்கும் இதுவே முழுக் காரணம் என்று கூறுவதை மட்டும் என்னால் ஒப்ப முடியவில்லை. கல்லில் வெட்டிய வட்டெழுத்தும் உருண்டையாகத்தானே இருக்கிறது?

உறவு எழுத்தோடு நிற்கவில்லை. வசந்த காலத்தின் தொடக்கத்தில் ருஷ்யரும் பின்லாந்துக்காரரும் பூர்ஜத்தில் துளையிட்டுப் பாத்திரம் கட்டி இனிய நீர் இறக்குகிறார்கள். அசல் பதனீர்! பட்டையைக் கீறிக் கூடை முடைகிறார்கள், செருப்புப் பின்னுகிறார்கள். பழவேற்காட்டுப் பெண்கள் ஓலையில் பெட்டி முடைவது போலத்தான். நாவ்கரத் என்ற ருஷ்ய நகரத்தில் 1951-இல் தொடங்கி, பட்டையில் கீறிய பழங் கடிதங்கள் ஆயிரத்துக்கு மேல் அகப்பட்டிருக்கின்றன. கடன் பாக்கி, கல்யாணப் பேச்சு, வீட்டுச் சண்டை எல்லாம் இருக்கின்றன. ஓன்ஃபிம் என்ற சிறுவன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அரிச்சுவடி எழுதப் பிடிக்காமல் குதிரை வீரன் படம் போட்ட பட்டையும் இருக்கிறது. அவர்கள் மை தொடவில்லை. நம்மைப் போலவே எழுத்தாணிதான்.

காஷ்மீரத்தில் ஜைனுலாபுதீன் என்ற சுல்தான் பதினைந்தாம் நூற்றாண்டில் சமர்கந்திலிருந்து காகிதத் தொழிலாளரை வரவழைத்தார். 1586-இல் அக்பர் அந்த நாட்டைச் சேர்த்துக்கொண்ட பிறகு பூர்ஜம் மெல்ல மெல்லப் பண்டிதர் கையை விட்டு நழுவியது. பிறகு அது கூரைக்குப் போயிற்று. பட்டையைப் பரப்பி அதன் மேல் மண்ணைப் போட்டால் மழை ஒழுகாது; வசந்தத்தில் அந்தக் கூரை மண்ணில் பூச்செடிகள் பூக்கும். வெண்ணெய் பொதிந்தார்கள். ரட்சையில் யந்திரம் எழுத மட்டும் இன்றுவரை பூர்ஜ பத்திரம் கேட்கிறார்கள்.

பட்டையை உரிப்பதால் மட்டும் மரம் சாவதில்லை. வெளித் தாளை மட்டும் பக்குவமாக எடுத்தால் பிழைத்துக்கொள்ளும். உள்ளே உயிருள்ள தோலைச் சுற்றிலும் வெட்டிவிட்டால் பட்டுப்போகும். அதைவிட விறகுதான் எமன். கங்கோத்திரியிலிருந்து கோமுகம் போகும் வழியில், சுமார் 14 கிலோமீட்டரில், போஜ்பாஸா என்று ஓர் இடம். பூர்ஜம் வாழும் இடம் என்று பொருள். யாத்திரிகர் குளிர் காயவும் டீ போடவும் எரித்து எரித்து, பெயரில் மட்டும் பூர்ஜம் மிஞ்சிற்று. செங்கல் சூளைக்குப் பனையை வெட்டித் தள்ளிய நாம் அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2021-இல் தமிழ்நாடு அரசு, கலெக்டர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்ததே!

போஜ்பாஸாவில் மறுபடியும் மரம் வைக்கப் புறப்பட்டவர் ஹர்ஷ்வந்தி பிஷ்ட் என்ற பெண்மணி. உத்தரகாசிக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர். 1981-இல் நந்தாதேவிச் சிகரம் ஏறியவர். 2021-இல் இந்திய மலையேற்ற சங்கத்துக்கு முதல் பெண் தலைவர். சிகரம் ஏறியவர்கள் பலர். இவர் இறங்கி வந்து, 1990-களில் கீழே சீர்பாஸாவில் நாற்றங்கால் போட்டுப் பூர்ஜக் கன்று வளர்த்து, மேலே கொண்டுபோய் நட்டார்.

அது லேசான காரியமல்ல. பூர்ஜ விதை கண்ணுக்குத் தெரிகிற அளவுதான், இரண்டு சின்ன இறக்கை வேறு. மூச்சு விட்டால் பறந்துவிடும். இலையுதிர் காலத்தில் முற்றும். நாள்பட வைத்தால் முளைக்கும் சக்தி போய்விடும். ஈரத்தோடு சில வாரக் குளிரில் கிடந்தால்தான் நன்றாக விழித்துக்கொள்ளும். மண்ணுக்குள் புதைத்தால் வராது, மேலாகத் தூவ வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும். வேர் மேலாக ஓடுவதால் தரை காயக் கூடாது. வசந்தத்தில் கிளையைக் கழித்தால் சாறு கொட்டோ கொட்டென்று கொட்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாமல் வேலி வேண்டும். வருஷத்தில் சில மாதம்தான் வளர்ச்சி. மற்ற மாதங்கள் பனிக்கடியில் உறக்கம். நீலகிரியில் வைத்துப் பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. உதகையில் உறைபனி சில இரவுகள் புல்லை வெளுக்கும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் மூடி உறங்கவைக்கும் பனி அங்கே இல்லை. விந்தியத்துக்குத் தெற்கே இயற்கையாக ஒரு பூர்ஜமும் கிடையாது.

போஜ்பாஸாவில் நட்டவற்றில் பல பட்டுப்போயின, பல வேர்விட்டன. பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல் ஒரு பூர்ஜக் கன்று ஆள் உயரம் வருவதற்குள் நட்டவர் தலை நரைத்துவிடும். பனையும் அப்படித்தான், பாளை விட வருஷம் பதினைந்து இருபது ஆகும்.