சுரைக்குடுக்கையும் பாக் நீரிணையும்

நான் நீச்சல் கற்றது 1958இல், எட்டு வயதில். செங்கம் சாலையில் இருந்த எங்கள் கிராமத்துக் கவலைக் கிணறுதான் பள்ளிக்கூடம். சித்தப்பா காய்ந்த சுரைக்குடுக்கையை என் முதுகில் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, மேலிருந்து தள்ளிவிட்டார். இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்த பிறகுதான் கயிறு இழுபட்டது. நாலாம் நாள் குடுக்கை போயிற்று. பத்தாம் நாள் கயிறும் போயிற்று.

அதே 1958இல்தான் நம் சாத்தனூர் அணை கட்டி முடிந்தது. அதே வருடம் செப்டம்பர் 27 அன்று மிகிர் சென் என்ற வங்காளத்து வக்கீல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். பல தடவை முயன்று தோற்ற பிறகு கிடைத்த வெற்றி அது. இந்தியாவிலிருந்து அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்த கடல் எல்லாம் அந்தக் கிணறுதான்.

ஊருக்குள் இருந்த என் வகுப்புத் தோழர்களுக்கு அய்யங்குளம். தீபம் முடிந்து மூன்று நாள் தெப்பம் நடக்குமே, அதே குளம். 1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊருக்கு வந்து சேர்ந்த பதினாறு வயது வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, கையிலிருந்த பலகாரப் பொட்டலத்தை வீசியதும் இந்தக் குளத்தில்தான். அதன் படிகளில் நின்று பையன்கள் பல்டி அடிப்பார்கள். எங்கள் கிணற்றிலோ, முங்கி அடிமண்ணை அள்ளி வருபவன்தான் ஜெயித்தவன். கடிகாரம் கிடையாது, பயிற்சியாளர் கிடையாது. பயம் போயிற்று, உயிர் தப்பத் தெரிந்தது, அவ்வளவுதான். அதுவே பெரிய காரியம் என்று இன்று தோன்றுகிறது. கோடை விடுமுறை வந்தால் கிணற்றிலும் ஏரியிலும் மூழ்கிப்போன பிள்ளைகளைப் பற்றிய செய்தி இல்லாமல் பேப்பர் வருவதில்லை.

ஆனால் போட்டிக்காக நீந்துவது வேறு ஜாதி. அதைப் பற்றித்தான் இன்று எழுத நினைத்தேன்.

தமிழர்களுக்கு இதில் ஒரு வரலாறு உண்டு. 1954 மார்ச்சில் யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி, வல்வெட்டித்துறையில் இறங்கி நம் கோடியக்கரைவரை பாக் நீரிணையை நீந்தினார். சுமார் 27 மணி நேரம். அவருக்குப் பின் 1966 ஏப்ரலில் மிகிர் சென் தலைமன்னாரில் இறங்கி, புயலில் அழிந்துகிடந்த தனுஷ்கோடியில் கரையேறினார். 25 மணி 36 நிமிடம். அதே வருடத்தில் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் என மொத்தம் ஐந்து. 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் பாக் நீரிணையைப் போகவும் வரவும் ஒரே மூச்சில் நீந்தினார், 51 மணி நேரம். அந்த ஆனந்தனை 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாய் எடுத்துக்கொண்டது. கடல் யாருக்கும் சொந்தமில்லை.

இவர்கள் எல்லோரும் வளர்ந்த ஆண்பிள்ளைகள். 1994இல் நம்மையெல்லாம் திடுக்கிட வைத்தவன் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன். பயிற்சியாளர் கே.எஸ்.இளங்கோவன். பன்னிரண்டு வயதில் பாக் நீரிணையைக் கடந்தான். அதோடு நிற்காமல் அந்த ஒரே வருடத்தில் ஆங்கிலக் கால்வாய் உள்பட ஆறு நீரிணைகளைக் கடந்து மிகிர் சென்னின் சாதனையை முறியடித்தான். பிறகு அர்ஜுனா விருதும் வந்தது.

நீண்ட தூரக் கடல் நீச்சலில் ஒரு விதி உண்டு. கூடவே படகு வரும், ஆனால் நீந்துபவர் அதைத் தொடக் கூடாது. தொட்டால் முயற்சி அதோடு முடிந்தது. சாப்பாடும் தண்ணீரும் படகிலிருந்து நீட்டுவார்கள், மிதந்தபடியே வாங்கிச் சாப்பிட வேண்டும். சொறி மீன் பட்டால் உடம்பு எரியும். நீரோட்டம் எதிர்த்தால் ஒரு மணி நேரம் கை போட்டும் அதே இடத்தில் கிடக்க நேரும். கை எட்டும் தூரத்தில் படகு இருக்கிறது, பிடித்தால் எல்லாக் கஷ்டமும் தீர்ந்தது. பிடிக்காமல் இருப்பதுதான் அந்த வித்தை. பன்னிரண்டு வயதில் அதைக் கற்றவனுக்கு வேறு எந்தப் பரீட்சை பெரிதாகத் தெரியும்?

அந்த 1994இல் என் மகனுக்கும் பன்னிரண்டு வயது. நம் ஊர் அப்போது திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம், நான் அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் பேப்பரில் வந்த படத்தைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டினான். எங்கள் கிணற்றிலேயே அவனும் நீச்சல் பழகியிருந்தான். “மெட்ராஸ் போறேன்ப்பா” என்றான். திருவல்லிக்கேணியில் அவன் அத்தை வீடு. இரண்டு கோடை அங்கே தங்கி, மெரினா அண்ணா நீச்சல் குளத்தில் பயிற்சி எடுத்தான். காலை நாலரைக்குத் தானாக எழுந்துவிடுவான் என்று என் தங்கை ஆச்சரியப்பட்டு எழுதுவாள். இங்கே அவனை எழுப்ப மூன்று பேர் வேண்டும்.

முதல் போட்டியில் கடைசியாக வந்தான். அடுத்ததிலும் அப்படியே. ஆனால் ஒரு நோட்டில் தேதி போட்டு, தன் நேரத்தை எழுதிவைத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்திருந்தது. நான் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று படிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது கடைசி இடம் மட்டும்தான்.

பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்திவிட்டேன். “நீச்சல் சோறு போடுமா?” என்று கேட்டதும் நினைவிருக்கிறது. அவன் பதில் பேசவில்லை.

குற்றாலீஸ்வரனும் பின்னால் நீச்சலை விட்டார். ஒவ்வொரு கடல் பயணத்துக்கும் படகு, ஆட்கள், விமானச் செலவு என்று லட்சக்கணக்கில் வேண்டும். கொடுக்க ஆளில்லை. அவர் பொறியியல் படித்து, அமெரிக்கா போய் மேற்படிப்பும் முடித்து, கணினித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது, “பார்த்தாயா, நான் செய்தது சரிதான்” என்று மனைவியிடம் சொன்னேன். அவள், “அந்தப் பையன் கடலைத் தாண்டிட்டு விட்டான். நம்ம பையன் படியிலேயே நின்னான்” என்றாள்.

அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இப்போது பேத்தி நீந்துகிறாள். ஒன்பதாம் வகுப்பு. 1995இல் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்ததே, அதற்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் குளத்தில்தான் பயிற்சி. போன மே மாதம் அவள் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். எட்டுப் பேரில் ஆறாவதாக வந்தாள். நான் என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்க, அவள் ஈரத்தலையோடு ஓடிவந்து, “தாத்தா, போன தடவையைவிட ஒண்ணரை செகண்டு கம்மி!” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. முப்பது வருடத்துக்கு முன் அந்த நோட்டு என்னிடம் சொல்ல வந்தது இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்று இரவு மொட்டை மாடியில் மகனிடம் கேட்டேவிட்டேன். “உன்னை நிறுத்தினதுல வருத்தமாடா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “நிறுத்தினதுல இல்லப்பா. நானே நிறுத்தியிருப்பேனோ என்னமோ. ஆனா முடிவு பண்ணினது நீங்க. தண்ணிக்குள்ள எல்லாத்தையும் நானே பார்த்துக்கிட்டேன். கரைக்கு வந்ததும் யாரும் என்னைக் கேக்கல.”

ஆரத்தி சாஹா என்ற வங்காளப் பெண்ணின் கதையை அவன்தான் அன்று சொன்னான். பள்ளிச் சிறுமியாக 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்தியவர். 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் இறங்கி, கரை பக்கத்தில் வரும்போது தோற்றார். அடுத்த மாதமே, செப்டம்பர் 29 அன்று, மறுபடி இறங்கிக் கடந்தார். ஆசியப் பெண்களில் முதலாமவர். “மறுபடி இறங்கறதா வேண்டாமான்னு அவங்கதான் முடிவு பண்ணியிருப்பாங்க, இல்லையாப்பா?” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் பேத்திக்குப் பத்தாம் வகுப்பு. தொடர்வதா நிறுத்துவதா என்று அவளையே யோசித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறான் மகன். இன்னும் அவள் சொல்லவில்லை. போனில் பேசும்போதெல்லாம் எனக்கு நாக்கு நுனிவரை வருகிறது, “படிப்பைப் பாரு கண்ணு” என்று. விழுங்கிவிட்டு, “நேத்து எவ்வளவு நேரத்துல நீந்தினே?” என்று மட்டும் கேட்கிறேன். ஒரு நோட்டு வாங்கி, அவள் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வருகிறேன்.

எங்கள் கிராமத்துக் கிணறு தூர்ந்துபோய்ப் பத்து வருடம் ஆகிறது. உங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால், போட்டிக்கு அனுப்புவது உங்கள் இஷ்டம். நீந்தவாவது கற்றுக்கொடுங்கள். கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். கயிற்றை எப்போது அவிழ்ப்பது என்பதில்தான் நான் தவறிவிட்டேன்.